துலக்கும் கை

வியாழக்கிழமைகளில் என் கிளினிக் திறக்காது. பாளையங்கோட்டையில் 18 வருஷமாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். அதில் கடைசி 11 வருஷத்து வியாழக்கிழமைகள் மூன்று இல்லங்களுக்குப் போயிருக்கின்றன. ஒன்று முதியோர் இல்லம். இன்னொன்றில் மூளை முடக்குவாதமும் மனவளர்ச்சிக் குறையும் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைகளாக வந்து நாற்பது வயதாகியும் அங்கேயே இருப்பவர்களும் உண்டு. மூன்றாவது, படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கானது.

அன்றைக்கு நான் தூக்கிக்கொண்டு போகும் பையில் தலையில் மாட்டும் டார்ச் லைட், வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடிகள், சொத்தையைக் கையால் சுரண்டும் கரண்டிகள், அடைக்கிற சிமெண்ட், ஒரு கட்டு காஸ் துணி, ஐஸ் குச்சி போன்ற தட்டையான மரக்குச்சிகள், பழைய துண்டு இரண்டு, ஒரு டஜன் பிரஷ் இருக்கும். பல் பிடுங்கும் இடுக்கிகளும் உண்டு. அவை பையின் அடியில் கிடக்கின்றன. மாதக்கணக்கில் அவற்றை வெளியே எடுக்காமல் இருந்திருக்கிறேன்.

முன்பு இப்படி இல்லை. இல்லங்களுக்கு நான் முதலில் போனது முகாம்களோடு. அப்போது ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தேன். பஸ் நிறைய மாணவர்கள், வாசலில் பேனர், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர். மத்தியானச் சாப்பாட்டுக்குள் 80 பேரைப் பார்த்து முடிக்க வேண்டும். ஆடுகிற பல், வேர் மட்டும் மிஞ்சிய பல் எல்லாவற்றையும் எடுப்போம். ஆளுக்கு ஒரு பேஸ்ட், ஒரு பிரஷ் கொடுப்போம். பதிவேட்டில் எண்ணிக்கை ஏறும். போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவோம். ஒரு முகாமில் நான் ஒருத்தி மட்டும் 31 பல் எடுத்தேன். நல்ல காரியம் செய்த நிறைவோடுதான் அன்று ராத்திரி தூங்கினேன்.

எட்டு மாதம் கழித்து வேறொரு வேலையாக அதே இல்லத்துக்குப் போக நேர்ந்தது. நாங்கள் கொடுத்த பிரஷ்கள் ஆபீஸ் அலமாரியில் அட்டை பிரிக்காமல் அடுக்கியிருந்தன. நான் பல் எடுத்த ஒரு தாத்தாவை வாய் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மிச்சமிருந்த பற்களின் ஈறோரம் முழுக்க அழுக்கு, தயிராடை மாதிரி படிந்திருந்தது. பக்கவாதத்தில் அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. பிரஷைப் பிடிக்க முடியாத கையில் பிரஷைத் திணித்துவிட்டு வந்திருக்கிறோம். அவருக்குத் துலக்கிவிடப் போகிறவர் யார் என்று எங்கள் பஸ்ஸில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. 

இல்லத்தில் இருப்பவரின் வாயைப் பற்றி நான் கற்றுக்கொண்ட எல்லாமே அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான். கிளினிக்குக்கு நடந்து வருகிறவருக்கு வலிக்கிறது. எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்டுவார். ‘ஆ’ என்றால் திறப்பார். வீட்டுக்குப் போய்ச் சொன்னபடி செய்வார், செய்யாமலும் இருப்பார். இல்லத்தில் இது எதுவும் கிடையாது. என்னை அங்கே வரச் சொன்னது நோயாளி இல்லை. அவர் வாய் இன்னொருவர் பொறுப்பில் இருக்கிறது. அந்த இன்னொருவருக்கோ 14 பேரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சோறு ஊட்டி, மாத்திரை கொடுத்து முடிப்பதற்குள் பொழுது விழுந்துவிடும்.

ஒரு ஆச்சியைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். எண்பதைத் தாண்டியவர், ஞாபகம் முழுவதும் கலங்கிப்போனவர். நான் உள்ளே நுழையும்போதே அங்கே வேலை பார்க்கும் அக்கா சொன்னாள்: “டாக்டரம்மா, ஆச்சி மூணு நாளாச் சாப்பிட மாட்டேங்காவ. கரண்டியக் கொண்டு போனா தட்டி விடுதாவ. நேத்து என்னைய அறைஞ்சிட்டாவ. புத்தி ரொம்பப் பெரண்டு போச்சு.” டாக்டர் வந்து தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு என்றால் ஊர், வயல், அவர் பிறந்த வீட்டுத் திண்ணை. ஆச்சியின் கை அடிக்கடி வலது தாடைக்குப் போய்ப் போய் வந்தது. கொட்டாவி விட்டபோது டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மேலே பல்செட் இருந்தது. அது செட் என்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆச்சிக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலைக்கு வந்து ஆறு மாதமான அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கும் மேலாக அந்தச் செட்டு ராத்திரி பகல் கழற்றப்படாமல் அண்ணத்தோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த விரலால் ஓரத்தை நெம்பி எடுத்தபோது, அதன் கீழ் அண்ணம் தோலுரிந்த மாதிரி சிவந்து கிடந்தது, அங்கங்கே வெள்ளைப் படலம். கீழே ஒரே ஒரு கோரைப்பல் மிச்சம். அது பாதியாக உடைந்து, கூரான முனை நாக்கின் ஓரத்தை அறுத்துக்கொண்டிருந்தது. அந்த வாயில் யார் கரண்டியைக் கொண்டுபோனாலும் நானும் அறைந்திருப்பேன்.

செய்த வைத்தியம் சின்னது. கூர் முனையை ராவிவிட்டேன், பூஞ்சைக்கு மருந்து தடவச் சொன்னேன், செட்டைத் தேய்த்துக் கழுவி ஒரு டப்பாத் தண்ணீரில் போட்டேன். புண் ஆறும்வரை மாட்ட வேண்டாம் என்றேன். அடுத்த வியாழன் போனபோது ஆச்சி ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தூக்க மாத்திரையும் நின்றிருந்தது. அந்த அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எனக்குக் காட்டிக் குடுங்கம்மா, நான் எல்லாத்துக்கும் பாத்துக்கிடுதேன்” என்றாள். என் வியாழக்கிழமைகள் உண்மையில் அன்றுதான் தொடங்கின.

இன்னொருவருக்குப் பல் துலக்கிவிடுவது தனி வித்தை. கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தும் எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. அந்த அக்காமார்களோடு சேர்ந்துதான் நானும் படித்தேன். பயிற்சியை எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்குவேன்: அக்காமார்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைப்பேன், ஒருத்தி மற்றவளுக்குத் துலக்கிவிட வேண்டும். முதலில் சிரிப்பு. பிறகு கூச்சம். ஒரு நிமிஷத்தில் எல்லோர் முகமும் மாறிவிடும். எதிரே நின்று திடீரென்று வாய்க்குள் பிரஷை விட்டால் தலை தானாகப் பின்னால் போகிறது. வாய் நிறைய நுரை கட்டினால் மூச்சு முட்டுகிறது. நாக்கின் பின்பக்கம் பட்டால் குமட்டுகிறது. பிரஷின் கழுத்து ஈறில் இடித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது. இதையெல்லாம் நான் சொல்லிப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆகும். தன் வாயில் பட்டால் ஒரு நிமிஷம் போதும்.

பிறகு கையைப் பழக்குவோம். உட்கார முடிந்தவர் என்றால் நாற்காலியில் உட்காரவைத்து, பின்பக்கமோ பக்கவாட்டிலோ நின்று, அவர் தலையை நம் மார்போடும் இடது கையோடும் சாய்த்து அணைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற அணைப்பு. தலை அசையாது, அவருக்கும் தாங்கல் கிடைக்கும். படுக்கையில் இருப்பவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, கன்னத்தின் கீழே துண்டு விரிக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து வாய்க்குள் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. துப்பத் தெரியாதவருக்கு பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும், தண்ணீரே வேண்டாம். துலக்கியபின் விரலில் சுற்றிய ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிடலாம்.

வாய் திறக்கவில்லையா? பலவந்தமாகத் திறக்கக் கூடாது. ஆள்காட்டி விரலைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் ஈறுத் திண்டை லேசாக அழுத்தினால் பெரும்பாலும் தாடை இளகும். விரல் எந்தக் காரணத்துக்காகவும் இரண்டு பல்வரிசைக்கு நடுவே போகக் கூடாது. அதற்குப் பதில் இரண்டு பிரஷ் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றின் முதுகால் கன்னத்தை விலக்குவது, மற்றதால் துலக்குவது. அவர் பிரஷைக் கடித்துக்கொண்டால் இழுக்கக் கூடாது. இழுக்க இழுக்கத் தாடை இறுகும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இது வம்புக்குச் செய்கிற காரியம் இல்லை, உடம்பு தானாகச் செய்வது. கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, கன்னத்தைத் தடவிக்கொண்டு, காத்திருந்தால் விட்டுவிடுவார். அந்தக் காத்திருப்பு அரை நிமிஷம் இருக்கும். வேலை மலைபோல் கிடக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த அரை நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதை அவர்களோடு நின்று பழக்குகிறேன், சுவரில் எழுதி ஒட்டிவிட்டு வருவதில்லை.

சுயமாகத் துலக்க முடிந்தவர் கையிலிருந்து பிரஷைப் பிடுங்கிவிடவும் கூடாது. பக்கவாதத்துக்குப் பிறகு விரல் மடங்காதவர்களுக்கு சைக்கிள் கைப்பிடி ரப்பரைப் பிரஷ் காம்பில் செருகிக் கொடுத்திருக்கிறேன். துணி சுற்றிக் கட்டினாலும் போதும். ஞாபகம் கலங்கியவர் கையில் பிரஷைக் கொடுத்து, நம் கையை அவர் கைமேல் வைத்துத் தொடக்கி விட்டால், அறுபது எழுபது வருஷப் பழக்கம் மீதியைச் செய்துவிடுகிற நாட்களும் உண்டு. மதுரைப் பக்கத்துத் தாத்தா ஒருவருக்குப் பிரஷ் என்றால் என்னவென்றே பிடிபடவில்லை. ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக் கையில் கொடுத்தேன். மென்று, தூரிகை மாதிரி ஆக்கி, நேர்த்தியாகத் துலக்க ஆரம்பித்துவிட்டார். குச்சி முடிந்தபின் பிரஷால் நாங்கள் ஒரு முறை கைபார்த்துக்கொள்வோம்.

எந்த நேரத்தில் துலக்குவது என்பதில் நான் பிடிவாதக்காரி. காலையில் முகம் கழுவும்போது எல்லோரும் ஏதோ செய்துவிடுகிறார்கள். ராத்திரிதான் முக்கியம். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும். வாயில் தங்கிய சோறும் கிருமியும் விடியவிடிய அப்படியே ஊறிக் கிடக்கும். ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு ஆள் மாறுகிறது, இருக்கிறவர்கள் குறைவு, தனியாகப் ‘பல் துலக்கும் நேரம்’ என்று ஒன்று வைத்தால் இரண்டே வாரத்தில் நின்றுவிடும். இதை மூன்று முறை தோற்றுத் தெரிந்துகொண்டேன். கடைசியில் முதியோர் இல்லத்து அக்கா ஒருத்திதான் வழி சொன்னாள்: மாத்திரைத் தட்டு எப்படியும் ஒவ்வொரு கட்டிலுக்கும் போகிறது, அதன் பின்னாலேயே பிரஷ் தட்டும் போகட்டும். அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. முதலில் மாத்திரை, பிறகு துலக்கல். அந்த வரிசைக்கும் காரணம் உண்டு. இருமல் மருந்தும் பிள்ளைகளுக்கான ஃபிட்ஸ் மருந்தும் பலது சர்க்கரைப் பாகு. துலக்கிவிட்டு அதைக் கொடுத்தால் துலக்கியது வீண்.

இவ்வளவு பாடும் பல்லுக்காக மட்டுமா என்று ஒரு நிர்வாகி கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்னது புரையேறுவதைப் பற்றி. நம் ஊரில் ஒருவருக்குப் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி “யாரோ நெனைக்காவ” என்போம். இருமல் வந்து, கண்ணில் நீர் வந்து, சரியாகிவிடும். பக்கவாதம் வந்தவர்களுக்கும் நினைவு மங்கியவர்களுக்கும் பலநேரம் அந்த இருமலே வராது. எச்சில் துளித்துளியாக, சத்தமில்லாமல், உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாயில் இறங்கும். அந்த எச்சிலில் என்ன இருக்கிறதோ அது நுரையீரலுக்குப் போகும். துலக்காத வாயில் இருப்பது கிருமிக் கூட்டம். ஜப்பானில் யோனெயாமா என்ற பல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் இதைச் சோதித்துப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பணியாளர்கள் வாயைச் சுத்தம் செய்துவிட்டார்கள். வாரம் ஒருமுறை பல் மருத்துவரோ பல் சுகாதாரப் பணியாளரோ வந்து பார்த்தார். மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது. வாய் சுத்தம் செய்யப்பட்டவர்களில் 11 பேருக்கு. பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. நிர்வாகி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷம் குளிர்காலத்தில் மட்டும் அவருடைய இல்லத்திலிருந்து நான்கு பேரை நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். மறுமாதம் பிரஷ் தட்டுகளும் மூடிபோட்ட டப்பாக்களும் வாங்கித் தந்தார்.

டப்பாக்கள் பல்செட்டுக்கு. ஒரு இல்லத்தில் காலையில் எல்லோர் செட்டையும் ஒரே பேசினில் போட்டு, சோப்புப் பொடி தூவி, மொத்தமாக அலசுவதைப் பார்த்திருக்கிறேன். அலசியபின் யாருடையது எது? குத்துமதிப்பாகப் பொருத்திப் பார்ப்பார்கள். அடுத்தவர் செட்டை மாட்டிக்கொண்டு ஈறெல்லாம் புண்ணாகி, “எனக்குச் செட்டு ஒத்துக்கிடல” என்று கழற்றி வைத்துவிட்ட பாட்டிகள் இருந்தார்கள். இப்போது நான் முதலில் பார்க்கும் எல்லா செட்டிலும் பெயர் எழுதிவிடுகிறேன். கன்னப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பென்சிலால் பெயரும் கட்டில் நம்பரும் எழுதி, மேலே செட்டு செய்கிற அதே அக்ரிலிக்கை நிறமில்லாததாகப் பார்த்துப் பூசினால் வருஷக்கணக்கில் அழியாது. பத்து நிமிஷ வேலை. வெந்நீரில் போட்டால் செட்டு கோணிவிடும், பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும், ராத்திரி கழற்ற வேண்டும் என்ற மூன்றையும் டப்பா மூடியிலேயே எழுதிவிடுவோம். தன் பெயர் எழுதிய பல்லைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு பெரியவர், “இந்த வீட்டுல என் பேரு போட்ட சாமான் இது ஒண்ணுதான் தாயி” என்றார்.

பிள்ளைகள் இல்லத்தில் வேலை வேறு மாதிரி. அங்கே முதல் நாள் நான் கண்டது ஈறு. பல்லின் பாதி உயரத்துக்கு, சிலருக்கு முழுவதுமாக, ஈறு வளர்ந்து மூடியிருந்தது. ஃபிட்ஸுக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின் மாத்திரையின் பக்கவிளைவு அது. ரத்தக்கொதிப்புக்குத் தரும் சில மாத்திரைகளாலும் வரும். ஆனால் அழுக்கு படியாத வாயில் அந்த வளர்ச்சி மட்டுப்பட்டே இருக்கும். மாத்திரையை நிறுத்து என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, சொல்லவும் கூடாது. நரம்பு டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, மாற்று மருந்துக்கு இடம் உண்டா என்று கேட்கலாம். கேட்டேன், இரண்டு பேருக்கு மாற்றினார்கள். மற்றவர்களுக்கு ராத்திரித் துலக்கல்தான் மருந்து.

அந்தப் பிள்ளைகளுக்கு மிஷின் சத்தம் ஆகாது. மிஷினைக் கொண்டுபோகிற பழக்கத்தையே விட்டுவிட்டேன். 1980-களின் நடுவில் தான்சானியாவில், கரண்ட் இல்லாத ஊர்களுக்காக ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள்: சொத்தையைக் கைக்கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, பல்லோடு ஒட்டி ஃப்ளோரைடைக் கசியவிடுகிற சிமெண்டால் விரல் வைத்து அழுத்தி அடைப்பது. ஏழை ஊர்களுக்கென்று பிறந்த அந்த முறை, பயந்த பிள்ளைகளுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது. ஊசி இல்லை, சத்தம் இல்லை, தண்ணீர் பீச்சுவதில்லை. அதுகூட முடியாத வாய்க்கு வெள்ளி கலந்த ஃப்ளோரைடு மருந்து ஒன்று இருக்கிறது. ஒரு சொட்டைச் சின்னத் தூரிகையால் தொட்டு ஒரு நிமிஷம் தடவினால் சொத்தை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். இந்த மருந்தையும் அந்தச் சிமெண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு குறை உண்டு: மருந்து பட்ட சொத்தை கன்னங்கரேலென்று ஆகிவிடும். மாதம் ஒருமுறை தென்காசிப் பக்கத்திலிருந்து மகனைப் பார்க்க வரும் ஒரு அம்மாவிடம் சொல்லாமல் நான் அவனுடைய முன்பல்லில் தடவிவிட்டேன். காப்பாளர் சம்மதித்திருந்தார், தாளில் கையெழுத்தும் இருந்தது. அந்த அம்மா வந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகனுடைய மேலுதட்டைக் கீழே இழுத்து இழுத்து அந்தப் பல்லை மறைத்துக்கொண்டே இருந்தார். அந்த மத்தியானத்தை நான் மறக்கவில்லை. இப்போது முன்பல் என்றால் வீட்டார் வரும் நாள்வரை காத்திருக்கிறேன். கறுத்த பல் எப்படி இருக்கும் என்று படம் காட்டிவிட்டுத்தான் கேட்கிறேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கறுத்த இடத்தின்மேல் வெள்ளைச் சிமெண்ட் வைத்துக் கொடுத்தேன்.

பிடித்து அமுக்கி வைத்தியம் செய்வதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் நானும் செய்தேன். நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, கத்துகிற ஒருவருக்குப் பல் எடுத்திருக்கிறேன். பல் போயிற்று, அதன்பின் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அவர் சுவரோரம் ஒண்டிக்கொள்வார். கோட்டைக் கழற்றிவிட்டுப் போனேன். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்தேன், அடுத்த வாரம் கையைத் தொட்டேன், அதற்கடுத்து கன்னம், உதடு. பிரஷ் உள்ளே போக ஐந்து மாதம் ஆயிற்று. சீழ் கோத்து முகம் வீங்கியிருந்தால் ஐந்து மாதம் காத்திருக்க முடியாதுதான். அப்போது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து, ஒரே அமர்வில் எடுக்க வேண்டியதை எடுத்து, அடைக்க வேண்டியதை அடைத்து முடித்துவிட வேண்டும். எத்தனை சிரமப்பட்டாலும் அந்த ஏற்பாட்டைச் செய்வேன். பிடித்து அமுக்குவதை மட்டும் இனிச் செய்வதில்லை.

மாத்திரை விஷயம் ஒன்றிரண்டு. முதியவர்களின் வாய் காய்ந்துபோவதற்கு வயது காரணம் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் அவர் சாப்பிடும் மாத்திரைப் பட்டியலில் இருக்கிறது. தூக்கத்துக்கு, நடுக்கத்துக்கு, சிறுநீர் பிரிவதற்கு என்று கொடுப்பவை பலவும் எச்சிலை வற்றவைக்கும். எச்சில் வற்றிய வாயில் சொத்தை காட்டுத்தீ மாதிரி பரவும். இன்னொன்று, “ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதாரு, ஒரு வாரம் நிறுத்திட்டுப் பல்லு எடுக்கலாமா” என்று கேட்பார்கள். தாங்களாக நிறுத்தவே கூடாது. பல் எடுத்த இடத்தில் கசிகிற ரத்தத்தை காஸ் வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். நிறுத்திய மாத்திரையால் வருகிற பக்கவாதத்தை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. வெற்றிலை இடிக்கும் சின்ன உரலை இடுப்பிலேயே வைத்திருக்கும் பாட்டிகளிடம் அதை நான் பிடுங்குவதில்லை; புகையிலையை விடச் சொல்லிக்கொண்டே இருப்பேன், வெற்றிலை அடக்குகிற கன்னத்தையும் நாக்கின் ஓரத்தையும் மாதம் தவறாமல் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் ஒருவருக்குப் புற்றுநோயை மொச்சைக்கொட்டை அளவில் கண்டுபிடிக்க முடிந்தது.

இனிப்பைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் கொண்டுவருகிறவர்கள் நல்லவர்கள். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்று இல்லங்களுக்கு அன்னதானம் செய்ய வருகிறவர்கள் திருநெல்வேலியில் வெறுங்கையோடு வருவார்களா? அல்வா வரும். கேக் வரும், லட்டு வரும், பிள்ளைகளுக்கு ஒரு மூட்டைச் சாக்லேட் வரும். ஒரு இல்லத்தில் ஒரே மாதத்தில் 19 நாள் இப்படி வந்திருந்தது. பதிவேட்டைப் பார்த்து எண்ணினேன். பல்லிடுக்கில் ஒட்டிய அல்வாவை நாக்கால் துழாவி எடுக்க நம்மால் முடியும். நாக்கு சொன்னபடி கேட்காதவருக்கு அது மறுநாள் காலைவரை அங்கேயே இருக்கும். அல்வா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வயதில், அந்தச் சுவரின் உள்ளே, நாக்குக்குக் கிடைக்கும் சந்தோஷத்தைப் பறிக்க எனக்கு மனசு வராது. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், தனியாக நாலு மணிக்கு, எட்டு மணிக்கு என்று கொடுக்காதீர்கள் என்கிறேன். அடுத்த தடவை இனிப்போடு சேர்த்து மெல்லிய நாருள்ள பிரஷ் இருபது வாங்கிவாருங்கள் என்றும் கேட்கிறேன். இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. கேட்காததுதான் எங்கள் தவறாக இருந்திருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25-ஆவது பிரிவில், சிகிச்சையில் அவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்பு சிகிச்சையும் தருகிறார்கள். கட்டில்வரை போகிற அந்தக் கைகளுக்கு ஒரு டார்ச் லைட்டும், வாயைத் திறந்து பார்க்க அரை நாள் பயிற்சியும் கொடுத்தால் அந்த ஆச்சியைப் போல எத்தனையோ பேர் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிராது. பல் மருத்துவக் கல்லூரிகளில் பயிற்சி மருத்துவர்களை முகாமுக்கு அனுப்புகிற மாதிரி ஒரே இல்லத்துக்கு வாராவாரம் அனுப்ப வேண்டும். பிடுங்கிய பல்லை எண்ணாமல், அந்த மாதம் எத்தனை அக்காமார்களுக்குக் கை பழகியது என்று எண்ண வேண்டும்.

இல்லத்தில் உங்கள் அம்மாவோ சித்தப்பாவோ மகனோ இருந்தால், அடுத்த முறை போகும்போது வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பல்செட் உண்டா, ராத்திரி கழற்றுகிறார்களா என்று கேளுங்கள். பிரஷ் எங்கே என்று கேட்டு, அதன் நார் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கேட்கும்போது அதட்டிக் கேட்காதீர்கள். துலக்கிவிடுகிற பெண்ணின் பெயரைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

பல் வைத்தியம் படித்து முடித்து, கிளினிக் போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரிலும் ஒரு இல்லம் இருக்கும். வாரத்தில் அரை நாள், முடியாவிட்டால் மாதத்தில் அரை நாள் போங்கள். பத்து இல்லங்களுக்கு ஒருமுறை போக வேண்டாம். ஒரு இல்லத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். முதல் இரண்டு மாதம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதன் பிறகும் போங்கள்.